வீட்டில் எத்தனை சம்பளம்?

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் ஏழைகள் 0.4 விழுக்காடு என்றார்கள். அப்புறம் திடீரென்று 5.6 என்றார்கள். வேலையில்லாதவர்கள் மூன்று விழுக்காட்டை ஒட்டித்தானாம். எங்கள் பிளாட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள். இருபதாம் தேதிக்கு மேல் யார் கையிலும் காசில்லை. எந்தக் கணக்கை நம்புவது?

எஸ்., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள எஸ்.,

ஏழைகள் திடீரென்று பெருகவில்லை, அளவுகோல்தான் மாறியது. 2016இல் ஒரு வீட்டுக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்) வந்தால் ஏழை இல்லை என்று கணக்கு. கோலாலம்பூரில் வாடகைக்கே அது போதாது! ஐ.நா.வின் வறுமை ஆய்வாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019இல் வந்து பார்த்து இதைக் கடுமையாகச் சாடினார். மறு வருடம் வறுமைக் கோட்டை 2,208க்கு உயர்த்தினார்கள். புதுக் கோலால் அளந்தால் 2016இல் 7.6, 2019இல் 5.6. ஆக, வறுமை குறைந்துகொண்டுதான் இருந்தது. கொவிட் அதை 8.4க்குத் தூக்கியது, 2022இல் 6.2.

வேலைக் கணக்கு எளிது. வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தாலும் நீங்கள் வேலையில் இருப்பவர்தான்.

உங்கள் இருபதாம் தேதிக்கு வருகிறேன். கோலாலம்பூர் செத்தாபாக்கில் என் தங்கை வீடு. மச்சானுக்கு ஜாகா (காவலாளி) வேலை, பன்னிரண்டு மணி நேரம். தங்கை பள்ளிக் கேண்டீனில். மூத்தவன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மூன்று பேர் சம்பாத்தியமும் சேர்ந்தால் 5,900 வரும். நாட்டு வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டுக்கு 2022இல் 6,338. காகிதத்தில் தங்கை கிட்டத்தட்ட நடுத்தரம். கோலாலம்பூரை மட்டும் நிறுத்தினால் நடு வீடு பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது, அது வேறு கதை.

ஆனால் அந்த 5,900 மூன்று முதுகுகளின் பணம். பையனுக்கு டெங்கி வந்து இரண்டு வாரம் படுத்தான்; அந்த இரண்டு வாரமும் வரவு பூஜ்யம், மோட்டார் தவணை மட்டும் தவறாமல் வந்தது. அவனுக்கு இபிஎஃப் என்ற ஓய்வுக்காலச் சேமிப்பும் கிடையாது. தங்கையின் சங்கிலி பள்ளி திறக்கும்போது அடகுக்கடைக்குப் போகும், தீபாவளிக்குத் திரும்பும். "என்னைவிட அதுதான் நிறைய ஊர் சுற்றுது அண்ணே" என்பாள். அப்பா தோட்டத்தில் வாங்கிய சம்பளம் சொற்பம்தான், ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாடகை என்ற பேச்சே இருந்ததில்லை.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. நல்லதுதான். ஒரு வீட்டில் இரண்டு பேர் அதை வாங்கினால் 3,400. 2022இன் சராசரி வறுமைக் கோடு 2,589. வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். அந்த வீட்டில் ஒருவர் விழுந்தால் மிச்சம் 1,700, கோட்டுக்குக் கீழே. கோட்டுக்கு மேலே இருப்பவர்களிலும் பாதிப் பேர் அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்பதாகத்தான் எனக்குப் படுகிறது. இது புள்ளிவிவரம் இல்லை, நான் பார்த்த வீடுகளை வைத்துச் சொல்வது.

எனவே கணக்கு பொய் இல்லை. வீட்டு வருமானம் என்று சொல்பவர்கள், அது எத்தனை பேர் சம்பளம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் மாடியில் கதவுக்குக் கதவு எண்ணிப் பார்த்து எழுதுங்களேன். தங்கை வீட்டில் மூன்று. மருமகனின் மோட்டார் பட்டறையில் நிற்பதால் இந்த வாரம் இரண்டு.