“ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லையே சார்”

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்தேன். ஒன்பது ஆண்டு மெக்கானிக் வேலை, மூன்று ஆண்டு வாடிக்கையாளரிடம் பேசி ஜாப் கார்டு, அதாவது வண்டியின் குறையைக் குறிக்கும் சீட்டு, எழுதும் வேலை. இப்போது சொந்தப் பட்டறை. இருசக்கர வாகனப் பழுது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: பணம் போகிறது, பழுது போகவில்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 2022-இல் வாங்கிய 150 சிசி வண்டி. காலையில் கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடியதும் விளக்கை அணைத்தாற்போல் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தினால், ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. மூன்று முறை சர்வீஸுக்கு விட்டேன். முதலில் பிளக் மாற்றினார்கள், அடுத்து இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் முறை, “ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லையே சார்” என்று கையில் கொடுத்துவிட்டார்கள். 4,300 ரூபாய் செலவு.

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை, தம்பி. இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியை எடுத்து இரண்டு தெரு சுற்றினால் ஒன்றும் இருக்காதுதான். சூட்டில் மட்டும் தலைகாட்டும் பழுதைக் குளிர்ந்த இன்ஜினில் தேடியிருக்கிறார்கள்.

அடுத்த முறை நின்றதும், நின்ற இடத்திலேயே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். “உஸ்” என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டியும் கிளம்பினால், மூடியின் காற்றுத் துளையோ பெட்ரோல் ஆவி போகும் குழாயோ அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் வரத்துத் தடைப்படும். ஒரு ஊசியில் முடிகிற வேலை இது. இதற்காகப் பெட்ரோல் பம்ப்பையே மாற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

திறந்தும் கிளம்பவில்லையென்றால் என் சந்தேகம் பிக்கப் காயில்மீது. கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) எந்த நிலையில் சுற்றுகிறது என்று பார்த்து, வண்டியின் கணினியான ஈசியூவுக்குச் சொல்வது அதுதான். அது சொன்னால்தான் பிளக்கில் தீப்பொறி. தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்திருப்பார்கள். கம்பி எங்காவது விட்டிருந்தால், குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறினால் விலகும். ஆறினால் மறுபடியும் ஒட்டும். குளிர்ந்த காயிலில் மீட்டர் வைத்தால் அளவு சரியாகவே காட்டும். என் பட்டறையில் ஹேர் டிரையரால் காயிலைச் சூடாக்கிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பேன். முள் சட்டென்று விழும் கணத்தில் ஆள் அகப்பட்டுவிடுவான். (ஹேர் டிரையர் வீட்டிலிருந்து எடுத்து வந்தது. அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.)

இதை ஏன் அங்கே செய்யவில்லை என்பீர்கள். மெக்கானிக் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பாகம் மாற்றினால் பில்லில் எழுத ஒரு வரி இருக்கிறது. “இரண்டு மணி நேரம் தேடினேன்” என்று எழுத வரி கிடையாது. தேடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில், மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வைத்தியம். நானும் அப்படி மாற்றியவன்தான்.

ஆகவே வண்டியை அந்த 25 கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு கொண்டுபோய் அவர்கள் வாசலில் நிறுத்துங்கள். ஜாப் கார்டில் “ஸ்டார்ட்டிங் பிரச்சினை” என்று எழுத விடாதீர்கள். “25 கி.மீ. ஓடியபின் நிற்கிறது, 15 நிமிடம் கழித்துக் கிளம்புகிறது, சூட்டில் தீப்பொறி பார்க்கவும்” என்று எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். உங்களிடம் கேட்பவர் ஒருவர், வண்டியில் கை வைப்பவர் வேறொருவர். இருவருக்கும் நடுவே போகிற தூது அந்தக் காகிதம் மட்டுமே.

கேள்வி: ஸ்கூட்டரில் செல்ஃப் எடுக்கவில்லை என்று பேட்டரி மாற்றினார்கள். இரண்டே மாதத்தில் புதுப் பேட்டரியும் இறங்கிவிட்டது. நான் விளக்கிச் சொன்னதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. “வீட்டில் சார் இருந்தால் வரச் சொல்லுங்கள் மேடம்” என்கிறார் சர்வீஸ் சென்டர் மேலாளர்.

பதில்: தினமும் ஓட்டுகிறவர் நீங்கள். ஓட்டாத சாருக்கு என்ன தெரியும்? அந்த மேலாளரிடம் இதை எழுத்தில் கொடுங்கள் அம்மா, வாயால் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு எண்களைக் கேளுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை. பத்துப் பேட்டரி மாற்றினாலும் பத்தும் இறங்கும். பதினைந்தைத் தாண்டினால், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைக்கிறது என்று பொருள். இரண்டும் சரியாக இருந்தால், வெளிக்கடையில் வாங்கி மாட்டிய ஹாரனோ ஜிபிஎஸ் கருவியோ வண்டி நிற்கும்போதும் மின்சாரத்தைக் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டர் வைத்தால் ஐந்து நிமிட வேலை. அளவை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கையை விட்டால் ஹேண்டில் ஆடுகிறது. இரண்டு முறை சொல்லியும் சரிசெய்யவில்லை.

பதில்: முதலில் கையை விடாதீர்கள். பிறகு டயர் காற்றையும் கோன் செட்டையும் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது. முடுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: எதைச் சொன்னாலும் “எத்தனால் கலந்த பெட்ரோல் சார்” என்கிறார்கள். லிட்டருக்கு 45 கொடுத்த வண்டி இப்போது 32 கொடுக்கிறது. அதற்கும் அதே பதில்.

பதில்: முன்பு ஏர் ஃபில்டர் தலையில் எல்லாப் பழியையும் போடுவோம். இப்போது எத்தனால் அகப்பட்டிருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். ஆனால் 45 என்பது 42 ஆகலாம், 32 ஆகாது. மெயின் ஸ்டாண்டில் போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். எனக்கென்னவோ பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

பல வாரம் நிறுத்திய வண்டி என்றால் கதை வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அப்படியானால் டேங்க் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டட்டும். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அவர்கள் சொல்வது சரி.

கேள்வி: ஆயில் மாற்றாமலே பில் போடுகிறார்களோ என்று சந்தேகம். 300 கிலோமீட்டரில் கறுத்துவிட்டது.

பதில்: கறுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல ஆயிலும் உள்ளே இருக்கும் கரியை எடுத்துக்கொண்டு சீக்கிரம் கறுக்கும். வண்டியை விடுவதற்கு முன், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். போல்ட்டைக் கழற்றியிருந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். பணம் கொடுத்து மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றியதைத் தரமாட்டார்கள், அது நிறுவனத்துக்குத் திரும்பப் போக வேண்டும்.

கேள்வி: ஐயா, ஏழு மாதமாக அலைகிறேன். கோர்ட்டுக்குப் போனால் வழக்கறிஞர் செலவே வண்டி விலை ஆகிவிடும் என்கிறார்கள்.

பதில்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பல நேரம் அங்கிருந்து தகவல் போனதுமே நிறுவனம் விழித்துக்கொள்ளும். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஜாப் கார்டுகளைத்தான். ஏழு மாதத்துக் கார்டுகளும் இருக்கின்றனவா?

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்ட 150 சிசிதான் மறுபடியும். மூடியைத் திறந்து பார்த்தேன், சத்தம் இல்லை, கிளம்பவும் இல்லை. சூட்டோடு கொண்டுபோய் நிறுத்தினேன். தீப்பொறி இல்லை என்று அவர்களே பார்த்தார்கள். காயில் வர எட்டு நாள் ஆகுமாம்.

பதில்: வரட்டும். வாரண்டி அட்டையை எடுத்து, மின் பாகங்களுக்கு எத்தனை ஆண்டு என்று இன்றே பாருங்கள். காலம் மீதமிருந்தால் காயிலுக்குப் பணம் கேட்கக் கூடாது. மாட்டிய பிறகு அவர்கள் ஆளைப் பின்னால் உட்காரவைத்து அதே 25 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு டெலிவரிக் கையெழுத்துப் போடலாம்.