சிறைக்குள் நோயாளி: வழக்கறிஞர் பதில்கள்

சிறையில் இருக்கும் செயற்பாட்டாளர்களுக்கு சிகிச்சையும் விடுதலையும் கேட்டு அலைகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சிறை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐயா, எங்கள் மாவட்டத்துக்காரர் ஸ்டான் சுவாமி ஒரு ஸிப்பர் கப்புக்காக கோர்ட்டுக்குப் போனது உண்மைதானா? (திருச்சி)

உண்மைதான். விரகலூரில் பிறந்த அந்த இயேசு சபைத் துறவிக்கு அப்போது 83 வயது. பார்க்கின்சன் நோய், கை நடுக்கம்; டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் பீமா கோரேகான் வழக்கில் (2018இல் மகாராஷ்டிரத்தின் அந்த ஊரில் நடந்த வன்முறை தொடர்பான வழக்கு) தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.விடம் கைதானார். கைதின்போது எடுத்துக்கொண்டதாக அவர் சொன்ன ஸிப்பரையும் (மூடியும் உறிஞ்சுவாயும் உள்ள கோப்பை) ஸ்ட்ராவையும் திருப்பித் தரும்படி நவம்பர் 6 அன்று மனு போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் வாங்கிக்கொண்டு, கடைசியில் தாங்கள் அவற்றை எடுக்கவே இல்லை என்றது. மனு தள்ளுபடி. அப்புறம் புது மனு, சிறையிடம் பதில் கேட்பு, மறுபடி வாய்தா.

வெட்கக்கேடு, சரி. ஆனால் நம் வேலைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கைதியின் அன்றாடத் தேவைக்கும் உடல்நலத்துக்கும் பொறுப்பு சிறை நிர்வாகம்தான், புலனாய்வு அமைப்பு அல்ல. எழுத்துமூலமான முதல் கோரிக்கை சிறை சூப்பரின்டெண்டுக்குப் போகட்டும். அவர் மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அந்தக் காகிதத்தோடு கோர்ட்டுக்குப் போங்கள்.

உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கில் ஜாமீனே கிடையாதே தோழர், உடல்நலத்தைக் காட்டி என்ன பயன்? (சென்னை)

கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தால் உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் தரக்கூடாது என்கிறது பிரிவு 43டி(5). கிட்டத்தட்ட கதவைச் சாத்துகிற பிரிவுதான். ஆனால் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு கையில் இருக்கிறது. பீமா கோரேகான் வழக்கிலேயே தெலுங்குக் கவிஞர் வரவர ராவுக்கு 2021 பிப்ரவரி 22 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ஆறு மாத மருத்துவ ஜாமீன் கொடுத்தது. அவர் உடல்நிலைக்குத் தலோஜா சிறையின் மருத்துவ வசதி போதாது, திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று பார்த்தது. மும்பையை விட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனையும் போட்டது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் காலக்கெடுவை நீக்கியது.

அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது பெரிய ஆஸ்பத்திரியில் வாங்கிய மருத்துவ அறிக்கைகள். பேச்சு அல்ல, காகிதம்.

என் அண்ணன் விசாரணைக் கைதி. சர்க்கரையும் இதய நோயும் உண்டு. முதலில் என்ன எழுத வேண்டும் சார்? (கோவை)

"நல்ல சிகிச்சை தேவை" என்று எழுதாதீர்கள் அம்மா. "கைதி நலமாக உள்ளார்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த நேரத்துக்கு, கடைசியாக எப்போது பரிசோதனை, இப்போது தேவை எந்தத் துறை மருத்துவர் என்று எழுதுங்கள். பழைய மருந்துச் சீட்டு, ஈசிஜி நகல் எல்லாம் சேருங்கள். நேரில் கொடுத்தால் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலானால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நகல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் போகட்டும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. சிறை மருத்துவப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்குக் கெடு 48 மணி நேரம். அந்த வரியை மனுவின் மேலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் 30 நாள் கணக்கில் போட்டுவிடுவார்கள்.

சிகிச்சை மனுவையும் ஜாமீன் மனுவையும் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்றாகப் போட்டால் ஜாமீன் வாதத்திலேயே மாதங்கள் ஓடும், மாத்திரை கேள்வி கடைசிப் பக்கத்தில் கிடக்கும்.

ஸ்டான் சுவாமியே ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தாராமே? (நாகர்கோவில்)

பாதி உண்மை. 2021 மே 21 அன்று வீடியோ வழியாக மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் பேசினார். சிறைக்கு வந்தபோது தானே நடக்கவும் குளிக்கவும் சாப்பிடவும் முடிந்தது, எட்டு மாதத்தில் எல்லாம் போய்விட்டது என்றார். அரசு ஜே.ஜே. ஆஸ்பத்திரி வேண்டாம், இடைக்கால ஜாமீன் கொடுத்தால் ராஞ்சியில் தன் மக்களோடு இருப்பேன் என்றார். அவர் மறுத்தது மருந்தை அல்ல. ஒரு வாரத்தில் பாந்த்ரா ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே கொரோனா உறுதியானது. ஜாமீன் மனு விசாரணைக்கு வந்திருந்த ஜூலை 5 அன்று இறந்தார்.

தண்டனை பெற்றவர் என்றால்? (சேலம்)

மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைப்பு, இல்லையென்றால் பரோல். இரண்டும் கடினம். உபா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற, 90 சதவீத மாற்றுத்திறனாளியான பேராசிரியர் ஜி.என். சாய்பாபாவுக்கு, 2020இல் சாகக் கிடந்த தாயைப் பார்க்கக்கூடப் பரோல் கிடைக்கவில்லை. 2024 மார்ச் 5 அன்று நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். அக்டோபர் 12 அன்று ஹைதராபாத்தில் இறந்தார்.

கையெழுத்து இயக்கம் நடத்துகிறோம். யாருக்கு அனுப்பலாம்? (தஞ்சாவூர்)

உள்துறைச் செயலர், சிறைத்துறைத் தலைவர், மனித உரிமை ஆணையம், உங்கள் தொகுதி எம்.பி. வழக்கைக் கேட்கும் நீதிபதிக்கு மட்டும் அனுப்பவே கூடாது. அது கைதிக்குத்தான் கெடுதல். அனுப்புமுன் அவருடைய வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். நோயின் பெயரை வெளியிட அவருக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள்.