முதல் நாளிலிருந்தே முழுக் கொள்ளளவா?

எல்என்ஜி முனையம் (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவைக் கப்பலிலிருந்து இறக்கி, மறுபடி வாயுவாக்கி அனுப்பும் இடம்) முதல் ஆண்டிலிருந்தே 100 சதவீதம் ஓடும் என்று ப்ராஜெக்டில் போட்டதை உங்கள் வழிகாட்டி ஏற்கவில்லை என்கிறீர்கள். அவர் சொல்வதுதான் சரி.

கொச்சி முனையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறன், 2013-இல் தயார். ஆனால் எரிவாயுவைத் தொலைவுக்குக் கொண்டுபோகக் குழாய் இல்லை. மங்களூர் வரையிலான 450 கிலோமீட்டர் குழாய் திறக்கப்பட்டது 2021 ஜனவரியில்தான். அதுவரை திறனில் சிறு பங்கே பயன்பட்டது.

வாங்க ஆளில்லை என்று முனையத்தை அப்படியே மூடிவைக்கவும் முடியாது. தொட்டிக்குள் மைனஸ் 162 டிகிரி. எவ்வளவு கனமான வெப்பக் காப்பு போட்டாலும் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போகும், திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியைக் கம்ப்ரசர் வைத்து இழுத்து எங்காவது அனுப்பியாக வேண்டும். தொட்டி சூடாகாமலிருக்க அடியில் கொஞ்சம் திரவமும் எப்போதும் கிடக்க வேண்டும். இந்தச் செலவு உங்கள் கணக்கில் இல்லவே இல்லை.

அப்புறம் கடல். மகாராஷ்டிரக் கடலோரத்தில் உள்ள தாபோல் முனையத்தில் அலைதடுப்புச் சுவர் முடியாததால் பல ஆண்டுகள் பருவமழைக் காலத்தில் கப்பல் கரையணைய முடியவில்லை. உங்கள் இடம் திறந்த கடலோரம் என்றால் அந்த மாதங்களைக் கழித்துவிடுங்கள்.

குழாய் மூன்று ஆண்டு தாமதமானால் என்ன ஆகும் என்று தனியாக ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். வழிகாட்டி அதைத்தான் எதிர்பார்க்கிறார் என நினைக்கிறேன்.