கூடாரம் அடித்துத் தங்கியபடியே முன்னாள் அதிபர் ஒருவரின் வரலாற்றிடங்களைப் பார்க்க அமெரிக்காவில் எங்கே போகலாம்?

இந்தியானாவின் தென்கோடிக்குப் போங்கள். ஆபிரகாம் லிங்கன் 1816 முதல் 1830 வரை, அதாவது 7 வயதிலிருந்து 21 வயதுவரை வளர்ந்த இடம் அது. சாலைக்கு ஒரு பக்கம் அவருடைய சிறுவயது தேசிய நினைவகம், மறுபக்கம் லிங்கன் மாநிலப் பூங்கா. பூங்காவில் ஏரியும் உண்டு, கூடாரம் அடிக்க இடமும் உண்டு. போன செப்டம்பர் கடைசியில் குழந்தைகளோடு இரண்டு இரவு தங்கினோம்.

முதல் இரவே மழை. கூடாரத்தின் ஒரு மூலை ஒழுகி மகனின் போர்வை நனைந்துவிட்டது, காலைவரை புலம்பல். மறுநாள் அவனுக்கு ஒரு கதை கிடைத்தது. டிசம்பர் குளிரில் இங்கே வந்துசேர்ந்த லிங்கன் குடும்பம், வீடு கட்டும்வரை மூன்று பக்கம் மட்டும் அடைத்த மரக்குடிலில், திறந்த பக்கத்தில் தீ மூட்டி இருந்ததாகச் சொல்வார்கள். போர்வையைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

நினைவகத்தில் லிங்கனின் வீடு இல்லை. அது இருந்த இடத்தில் வீட்டின் அடித்தள மரக்கட்டைகளையும் அடுப்பையும் வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இது மிகவும் பிடித்தது. கென்டக்கியில் அவர் பிறந்த இடத்தில், அவர் வாழ்ந்த 56 ஆண்டுகளுக்கு 56 படிகள் வைத்துக் கோயில் போலக் கட்டி, உள்ளே ஒரு மரவீட்டை வைத்திருக்கிறார்கள்; அந்த மரங்களோ அவர் பிறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வெட்டப்பட்டவை. அதைவிட இந்த வெறும் அடுப்பு நேர்மையானது.

பக்கத்து மேட்டில் தாய் நான்சியின் கல்லறை. 1818 அக்டோபரில், லிங்கனுக்கு 9 வயதாக இருக்கும்போது, ‘பால் நோய்’ வந்து இறந்தார். காட்டில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு செடியை மாடு மேய்ந்தால் அதன் நஞ்சு பாலில் இறங்கும். குடித்தவரின் உயிரே போகலாம். காரணம் அன்று யாருக்கும் தெரியாது. செடியின் படத்தைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தபோது திடுக்கிட்டேன். முந்தின நாள் மாலை என் மகள் பறித்துத் தண்ணீர் பாட்டிலில் செருகியிருந்த பூவும் அதே போல இருந்தது. (பூங்காவில் பூப் பறிக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.) பாட்டிலை அன்றே குப்பையில் போட்டேன்.

பலரும் தவறவிடும் ஓர் இடம் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது: லிட்டில் பிஜியன் தேவாலயக் கல்லறைத் தோட்டம். லிங்கனின் அக்கா சாரா 1828-இல் பிரசவத்தில் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார். நாங்கள் போனபோது வேறு ஒருவரும் இல்லை. தம்பியை அதிகாரம் செய்தே பழகிய என் மகள் அங்கே மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்னும் நாட்கள் இருந்தால், லிங்கன் இளைஞராக வாழ்ந்த ஊரான இல்லினாயின் நியூ சேலத்துக்கும் போகலாம். அங்கேயும் கூடாரம் அடிக்கலாம், ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள அவருடைய வீடும் சமாதியும் அருகில்தான்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள், மரத்தைத் தின்னும் பூச்சிகள் அதோடு பரவும், அங்கேயே வாங்குங்கள். இங்கே நேர மண்டலம் மாறுவதால், இண்டியானாபொலிஸ் பக்கமிருந்து வருபவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். நாங்கள் மறந்துபோய், நினைவகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இட்லிப்பொடி தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.