இரட்டை டர்போவுடன் சூப்பர்சார்ஜரும் சேருமா?

கேள்வி: என் காரின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினில் பெரிய அளவு டர்போசார்ஜர்கள் இரண்டைப் பொருத்தியதிலிருந்து, 3,500 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி மந்தமாக இருக்கிறது. ஒரு சூப்பர்சார்ஜரையும் சேர்த்தால் இந்தக் குறை தீருமா? டர்போக்களின் 1 பார், சூப்பர்சார்ஜரின் 0.5 பார் என மொத்தம் 1.5 பார் பூஸ்ட் கிடைக்குமா?

பதில்: குறை தீரும்; கணக்குதான் அப்படி வராது. இரண்டுமே என்ஜினுக்குள் போகும் காற்றை அழுத்துபவை; டர்போவைப் புகைபோக்கி வாயு சுழற்றும், சூப்பர்சார்ஜரை என்ஜினே பெல்ட் வழியே சுழற்றும். ஒன்று அழுத்திய காற்றை மற்றொன்று மேலும் அழுத்தும் தொடர் அமைப்பில் அழுத்தங்களைக் கூட்டக் கூடாது, விகிதங்களைப் பெருக்க வேண்டும். பூஸ்ட் என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு (ஏறக்குறைய 1 பார்) மேல் கூடும் அழுத்தம். ஆகவே 1 பார் பூஸ்ட் என்பது வளிமண்டல அழுத்தத்தின் இரு மடங்கு, 0.5 பார் என்பது ஒன்றரை மடங்கு. பெருக்கினால் மூன்று மடங்கு, அதாவது மீட்டரில் ஏறக்குறைய 2 பார். 70 சதவீதச் செயல்திறனுள்ள கம்ப்ரசர்கள் 25 டிகிரி வெப்பமுள்ள காற்றை இடையில் குளிர்விக்காமல் இந்த அளவுக்கு அழுத்தினால், அதன் வெப்பம் 180 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் காற்று சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே தீப்பற்றி வெடிப்பது) வராமல் இருப்பதுதான் அதிசயம்.

ஒரு சிறிய ரப்பர் குழாயும் இந்தக் கணக்கை மாற்றிவிடும். புகைபோக்கி வாயுவின் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் திருப்பி பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வுதான் வேஸ்ட்கேட். அதற்கு அழுத்தம் காட்டும் குழாயை டர்போவின் வெளிவாயிலிலிருந்து எடுத்தால் மேற்சொன்ன பெருக்கல் நடக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால், மொத்த பூஸ்ட் 1 பாரை எட்டியதுமே வேஸ்ட்கேட் திறந்துகொண்டு டர்போக்களை அடக்கிவிடும். பொருத்துபவர் எந்த இடத்தில் துளையிடுகிறார் என்பதை அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காற்று முதலில் எதற்குள் செல்ல வேண்டும்?

பதில்: இரு முறைகளும் செல்லும். 2005-இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகனின் 1.4 லிட்டர், 170 குதிரைத்திறன் என்ஜினில் சூப்பர்சார்ஜர் முதலிலும் டர்போ அடுத்தும் இருந்தன. ஏறக்குறைய 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் மின்காந்த கிளட்ச் சூப்பர்சார்ஜரை விடுவிக்க, காற்று ஒரு மடல் வழியாக நேரே டர்போவுக்குச் சென்றது. ஆனால் அங்கே டர்போ ஒன்றுதான். இரண்டு டர்போக்களுக்கும் சூப்பர்சார்ஜரிலிருந்து காற்றைச் சமமாகப் பிரிப்பதைவிட, இரண்டின் வெளிக்காற்றையும் ஒரே குழாயில் சேர்த்து, இன்டர்கூலர் வழியே சூப்பர்சார்ஜருக்கு அனுப்பி, அதன் பிறகு மேனிஃபோல்டுக்கு முன் மறுபடியும் குளிர்விப்பதே உங்கள் என்ஜினுக்கு எளிது என்பது என் கருத்து. குறைந்த வேகத்தில், சுழலத் தொடங்காத டர்போக்களின் வழியாகவே சூப்பர்சார்ஜர் காற்றை இழுத்துக்கொள்ளும். அது கூடுதலாகத் தரும் காற்றால் புகைபோக்கி வாயுவும் கூடி, டர்போக்கள் முன்கூட்டியே சுழலத் தொடங்கும். இந்த ஏற்பாட்டின் உண்மையான ஆதாயம் இதுதான்; உச்ச சக்தியை டர்போக்களே பார்த்துக்கொள்ளும்.

சூப்பர்சார்ஜரைச் சுற்றிச் செல்லும் பைபாஸ் வால்வில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உயர் ஆர்பிஎம்மில் என்ஜினுக்கு வேண்டிய மொத்தக் காற்றும் அதன் வழியே தடையின்றிப் போக வேண்டும். அது குறுகலாக இருந்தால், கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் வழியே சக்தியைத் தின்றுகொண்டிருக்கும் சூப்பர்சார்ஜர், டர்போக்களுக்கும் குறுக்கே நிற்கும்.

கேள்வி: இசியூவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) டியூன் செய்தால் போதாதா? வேறு என்ன மாற்ற வேண்டும்?

பதில்: போதாது. இன்ஜெக்டர்களும் எரிபொருள் பம்பும் கூடுதல் காற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும்; ஆகவே 3 பார் சென்சார் இருந்தால், 2 பார் பூஸ்ட்டிலேயே அதன் அளவு முடிந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு ஏறினாலும் இசியூவுக்குத் தெரியாது. ஆகவே 4 பார் சென்சார் தேவை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் கேஸ்கெட் ஆகியவை தாங்குமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் 2 பார் வரை போகவே கூடாது. சூப்பர்சார்ஜரின் கப்பியைப் பெரிதாக்கி 0.3 பாருக்கு இறக்கினாலும் உங்கள் மந்தம் பெருமளவு குறையும்.

இவ்வளவும் வாங்குவதற்கு முன், இன்டேக் குழாய்களின் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்து பாருங்கள். கசிவு இல்லையென்றால், சற்றே சிறிய டர்போக்களுக்குத் திரும்புவது இதைவிடக் குறைந்த வேலை. உச்சத்தில் கொஞ்சம் சக்தி குறைவது உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் மட்டுமே சூப்பர்சார்ஜர் பக்கம் போகலாம்.