வன்னியில் இருந்துகொண்டு பழம், பாத்திரம் வைத்துச் சின்ன எண்ணெய் வர்ண ஓவியங்கள் கீறப் பழகலாமா?

கேட்டவர் மாங்குளத்தில் இருக்கிறாராம். காணொளிகளில் காட்டுகிற சாமான் ஒன்றும் பக்கத்துக் கடைகளில் இல்லை, தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் வைத்துச் சமாளிக்கலாமா, முதலில் எதைக் கீறுவது என்று கேட்டிருக்கிறார். நான் கிளிநொச்சியில் இருந்து, இதே வெயிலிலும் புழுதியிலும் கீறிக்கொண்டிருப்பவன். இங்கே சரிவருவதைச் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். வர்ண ரியூப்பில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் வற்றிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்து இறுகித் தோலாகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணமே கிடையாது. எத்தனை வருசம் வைத்தாலும் விரலில் ஒட்டும். இலுப்பெண்ணெயும் அப்படித்தான். நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகும், நம்ப முடியாது. உண்மையில் நீங்கள் எந்த எண்ணெயும் வாங்கத் தேவையில்லை. சின்னப் படத்துக்கு ரியூப்பில் இருக்கிற எண்ணெயே காணும். மண்ணெண்ணெய் தூரிகை கழுவ மட்டும், அதுவும் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. வர்ணத்தில் கலக்காதீர்கள். நான் அதையும் குறைத்துவிட்டேன். தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்து, கொஞ்சம் சமையல் எண்ணெயில் அலசி, பிறகு சன்லைட் சவர்க்காரம் போட்டு உள்ளங்கையில் தேய்த்தால் போய்விடும்.

அளவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு முக்கியம் அதுதான். ஆறு அங்குலத்துக்கு எட்டு, அதற்கு மேலே போகவேண்டாம். பெரிசாகக் கீறினால்தான் ஓவியம் என்கிற எண்ணம் எங்கள் ஆட்களிடம் ஊறிப்போயிருக்கிறது. 1880 இல் பிரான்சில் எடுவார் மனே என்கிற ஓவியர் அஸ்பரகஸ் என்கிற தண்டு மரக்கறியின் கட்டு ஒன்றைக் கீறி 800 பிராங்குக்கு விற்றார். வாங்கிய சார்ல்ஸ் எஃப்ருசி 1000 அனுப்பிவைத்தார். மனே சும்மா இருக்கவில்லை. ஒற்றைத் தண்டை மட்டும் தனியாகக் கீறி, உங்கள் கட்டில் ஒன்று குறைந்துவிட்டது என்று எழுதி அனுப்பினார். அந்தப் படம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் உயரம், 22 அகலம். இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டை விட எனக்கு அந்த ஒற்றைத் தண்டுதான் பிடிக்கும்.

சின்னதாகக் கீறச் சொல்வதற்கு இங்கே வேறு காரணமும் உண்டு. குசினி யன்னல் வெளிச்சம் ஒரே மாதிரி நிற்பது ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். அதற்குள் முடிகிற அளவாக இருந்தால், ஈர வர்ணத்தின் மேலேயே ஈர வர்ணம் வைத்து ஒரே இருப்பில் எழும்பலாம். பெரிய படமென்றால் நாளைக்கு வேறு வெளிச்சம், நாளன்றைக்குப் பழத்தில் எறும்பு.

யன்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு யன்னலில் வைத்துக் கீறு என்று சொல்லும். அங்கே நடுப்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் வடக்கு யன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைச் சொச்சத்தில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் பின்னேரமும் வடக்கு யன்னலுக்குள் வெயில் சாய்ந்து விழும், தெற்கு யன்னல் அமைதியாக இருக்கும். மாரியில் தலைகீழ். ஆகவே மேசையை வருசத்தில் இரண்டு தடவை இடம் மாற்றினால் சரி. வெளியே வெறும் மணல் முற்றமென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். மண்ணில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழிருந்து ஏறி, பொருளின் நிழற்பக்கத்தில் மெல்லிய செம்மஞ்சளாக விழும். அதைக் கீறினால் அது உங்கள் வீட்டுக் கோப்பை, விட்டால் எந்தக் கோப்பையும்தான்.

எதைக் கீறுவது? தேசிக்காய் ஒன்று, வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று. அவ்வளவுதான். கோப்பையின் நிழற்பக்கத்தில் வெள்ளையே இருக்காது, வானத்து நீலமும் மேசையின் மண்ணிறமும் இருக்கும். அதைக் காணப் பழகுவதற்குள் ஒரு ரியூப் வெள்ளை முடிந்துவிடும். மூக்குப்பேணி, குப்பிவிளக்கு, உரல் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பித்தளை மினுக்கம் கடினம் என்பது ஒன்று. மற்றது, வீட்டில் யாரும் பாவிக்காத பொருளைப் பழமைக்காக எடுத்து வைத்தால் படமும் கடை அலங்காரமாகப் போகும். ரின்பால் பேணியும் நீலத் தண்ணீர்க் கானும் எனக்கு அதைவிட வடிவு.

கொஞ்சம் கை வந்த பிறகு, வைகாசி ஆனியில் பாலைப்பழம் கீறிப் பாருங்கள். சந்தையில் வாங்குங்கள், பறிக்கக் காட்டுக்குப் போனால் கரடியோடு பங்கு பிரிக்கவேண்டிவரும். ஒரு கைப்பிடியைச் சிரட்டைக்குள் போட்டு யன்னலோரம் வைத்து, ஒரு பழத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். வெளிச்சம் விழுகிற பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆனால் பழம் உண்மையில் ஒளிர்வது அதற்கு எதிர்ப்பக்கத்தில். தோலும் சதையும் மெல்லியவை என்பதால் வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கத்தில் தேங்கி நிற்கும். தேங்குகிற இடத்தில் எலுமிச்சை மஞ்சள், நடுவில் மஞ்சள் ஓக்கர் என்கிற மண்மஞ்சள், விளிம்பில் துளி பேர்ன்ட் அம்பர் என்கிற கடும் மண்ணிறம். இருட்டாக்கக் கறுப்பைச் சேர்க்காதீர்கள், மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சையாகும். வெள்ளைப் புள்ளியைக் கடைசியில், ஒரே தொடுகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடவேண்டும். எல்லாப் பழத்துக்கும் புள்ளி வைத்தால் பாசிமணியாகிவிடும், இரண்டு மூன்றுக்கு வையுங்கள்.

வர்ணம் ஆறு போதும்: டைட்டேனியம் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் ஓக்கர், ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் அம்பர். நீலமும் அம்பரும் சேர்ந்தாலே நல்ல கறுப்பு. பலகைக்கு ஹாட்போட் துண்டுகளைத் தச்சுப் பட்டறையில் வெட்டுவித்து, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தடவை. அதை மட்டும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து எடுப்பியுங்கள். பூசாத பலகை எண்ணெயை உறிஞ்சி, வர்ணம் பிறகு உதிரும். கண்ணாடித் துண்டில் மிஞ்சிய வர்ணத்தை அப்படியே தண்ணீருக்குள் தாழ்த்தி வைத்தால் நாளைக்கும் உதவும்.

வன்னியில் இருந்துகொண்டு தேசிக்காயா கீறுகிறீர்கள் என்று உங்களிடமும் கேட்பார்கள். போர் நடந்த இடமென்று எங்களிடம் முகாமின் கூடாரமும் முட்கம்பியும்தான் எதிர்பார்க்கிறார்கள். கீறுகிறவர் கீறட்டும், அதுவும் வேண்டும். ஆனால் இத்தாலியின் போலோனாவில் வாழ்நாளெல்லாம் போத்தல்களைக் கீறிய ஓவியர் ஜோர்ஜோ மொராண்டியும் 1943 இல் குண்டுவீச்சுக்கு விலகி, கிரிட்சானா என்கிற மலைக்கிராமத்துக்கு இடம்பெயர்ந்தவர்தான். திரும்பி வந்தும் போத்தல்களைத்தான் கீறினார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை.

கீறி முடித்த படத்தைச் சுவரில் சாய்த்து, வர்ணப்பக்கம் சுவரைப் பார்க்க வையுங்கள். சோழகக் காற்றுக் காலத்தில் புழுதி ஈர வர்ணத்தில் ஒட்டினால் எடுக்க வராது. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய ஒரு கிழமை, மாரியில் இன்னும் கூட. அம்பர் கெதியாகக் காயும், வெள்ளை பிந்தும். காய்ந்ததை அலுமாரிக்குள் பூட்டிவைக்க வேண்டாம், இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் கிடுகுக் கொட்டிலின் மூலையில் போடாதீர்கள். இறுகும்போது சூடேறி, யாரும் கொளுத்தாமலே பற்றும். தண்ணீரில் நனைத்துவிடுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.