தொண்டு, லாபி, சமாதானம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சியில் செயற்கைக் கால் பொருத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிக் கொழும்பில் அமைச்சுகளோடும் பாராளுமன்ற உறுப்பினர்களோடும் பேசும் பொறுப்பை, அதாவது லாபி வேலையை, எடுக்கச் சொல்கிறார்கள். 'லாபிக்குப் போனால் நீயும் அரசியல்வாதிதான்' என்கிறார் அண்ணா. பிற்காலத்தில் சமாதான வேலை செய்ய ஆசை. இந்த மூன்றையும் ஒருவர் நேர்மையாகச் செய்ய முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். உங்கள் வேலைக்குப் பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருக்கிறார்: ஜோடி வில்லியம்ஸ், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்காரர். 1980களில் எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, அந்நாட்டுக்கு மருத்துவ உதவி திரட்டிய ஒரு தொண்டு நிறுவனத்தில் துணை இயக்குநராக இருந்தார். காயம்பட்ட குழந்தைகளுக்கு அவர்கள் சிகிச்சை தேடிக்கொண்டிருக்க, அவருடைய சொந்த அரசோ அங்குள்ள ராணுவத்துக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இருப்பவர் கொள்கையைப் பற்றிப் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

1992இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தைத் தொடங்கின. ஒருங்கிணைப்பாளர் இவர்தான். அந்த ஆறில் ஒன்றான ஹேண்டிகேப் இன்டர்நேஷனல், தாய்லாந்து எல்லை முகாம்களில் கம்போடிய அகதிகளுக்குச் செயற்கைக் கால் செய்துகொடுத்து வளர்ந்தது. கால் பொருத்தியவர்களே தடையும் கேட்டார்கள் என்பதை உங்கள் அண்ணாவிடம் சொல்லுங்கள்.

லாபி உண்மையிலேயே சோதிக்கப்பட்டது 1997 செப்டம்பரில், நார்வேயின் ஆஸ்லோவில். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தின் வரைவு மேசையில் இருந்தது. கொரியாவில் உள்ள கண்ணிவெடிகளுக்கு விலக்கு வேண்டும், அமலுக்கு வர ஒன்பது ஆண்டு அவகாசம் வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. உலகின் மிக வலிமையான ராணுவம் உள்ளே வரும் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றக்கூடிய நேரம். இயக்கம் அசையவில்லை. விலக்கு இல்லை, ஓட்டை இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவந்ததையே அங்கேயும் சொன்னார்கள். அமெரிக்கா விலகிப்போனது, ஒப்பந்தம் முழுசாக நின்றது. டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன.

அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். வெளியே ஒன்றும் மூடிய அறைக்குள் இன்னொன்றும் கேட்டால்தான் உங்கள் அண்ணா பயப்படுகிற ஆளாக ஒருவர் மாறுகிறார்.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் இன்றும் வெளியேதான். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவுக்குப் பயந்து பின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் 2025இல் விலக முடிவெடுத்தன. மனசுக்குக் கஷ்டமான செய்தி. கையெழுத்து வாங்கியதோடு லாபி வேலை முடிந்துவிடாது என்பதும் இதில் இருக்கிறது.

1997ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நோபல் பரிசை வில்லியம்ஸும் இயக்கமும் பகிர்ந்துகொண்டார்கள். இயக்கத்தின் சார்பில் மேடையேறியவர்களில் ஒருவர் துன் சன்னரெத். கண்ணிவெடியில் இரண்டு கால்களையும் இழந்த கம்போடியர், மற்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்துகொடுப்பவர். வில்லியம்ஸ் அப்புறம் 2006இல், அதே நோபல் பரிசு பெற்ற ஷிரின் எபாடி, வங்காரி மாத்தாய் முதலானவர்களோடு சேர்ந்து, பல நாடுகளில் சமாதானத்துக்காக உழைக்கும் பெண்களுக்குத் துணைநிற்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இலங்கை 2017 டிசம்பரில் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன் 6ஆம் பிரிவு, கண்ணிவெடியால் பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் இயன்ற நாடுகள் உதவ வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றிருக்கிறது. அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் நீங்கள் கேட்கப் போகிறீர்கள். பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்கிறீர்கள் என்பதை எழுதி, முதலில் உங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்களில் இரண்டு பேரையாவது கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சை அவர்களே தொடங்கட்டும்.

அன்புடன்